பனிக்காலக் காப்பகத்துக்கு எந்த லென்ஸ்? சோனி 200-600 ஜி விமர்சனம்

இயற்கைக் காப்பகங்களில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு எப்போதும் உண்டு: பாதையை விட்டு இறங்கக் கூடாது. மான் அறுபது மீட்டர் தள்ளி நின்றால் அறுபது மீட்டர்தான். கிட்டே போய் எடுக்கும் பேச்சே இல்லை. பனிக்காலத்தில் இதோடு குறைந்த வெளிச்சம், வெள்ளை வெளேரென்ற பின்னணி, ஈரம், விறைத்துப்போன விரல்கள் என்று வேறு தொல்லைகளும் சேர்ந்துகொள்ளும். இத்தனையையும் சமாளிக்கும் லென்ஸ் எது என்று சோனி கேமரா வைத்திருப்பவர்கள் கேட்டால், எங்கள் பதில் எஃப்இ 200-600 மி.மீ. எஃப்/5.6-6.3 ஜி ஓஎஸ்எஸ். 200 மி.மீ. முதல் 600 மி.மீ. வரை ஜூம் ஆகும்; ஓஎஸ்எஸ் என்பது கை நடுக்கத்தைச் சமன் செய்யும் நிலைப்படுத்தல் அமைப்பு. 2019-இல் வந்த லென்ஸ் இது. அதன் பிறகு புதியவை பல வந்துவிட்டன. ஆனாலும் கொட்டும் பனியில் நாள் முழுக்க நின்று வேலை செய்ய இன்னமும் இதைத்தான் முதலில் எடுக்கத் தோன்றுகிறது.

இந்த லென்ஸைப் பற்றி அடிக்கடி காதில் விழும் புகார், “600-இல் படம் மங்கலாக வருகிறது” என்பது. பனிக்காலத்தில் அந்த மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி அல்ல, காற்று. இது தெரியாமல் நல்ல லென்ஸைக் கடைக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அந்தப் பகுதியைக் கீழே கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறோம்.

நீளம் மாறாத உடம்பு

இதன் பெரிய பலம் ஜூம் அமைப்பு. 200-இல் இருந்தாலும் 600-இல் இருந்தாலும் நீளம் அதே 318 மி.மீ. கண்ணாடிகள் குழாய்க்குள்ளேயே நகர்கின்றன. குழாய் வெளியே நீள்வதில்லை. வெயில் காலத்தில் இது ஒரு வசதி, அவ்வளவுதான். பனி பொழியும்போது இதன் அருமையே வேறு. நீளும் வகை லென்ஸில் வெளியே வந்த உள்குழாயின் மேல் பனித்துகள் படியும். மறுபடி 200-க்குத் திருப்பினால் அந்த ஈரம் அப்படியே உள்ளே போய் ரப்பர் வளையத்தின் ஓரத்தில் தங்கும். குளிர் கடுமையாக இருந்தால் அங்கேயே உறைந்து ஜூம் இறுகும். தவிர, ஒவ்வொரு முறை நீட்டி மடக்கும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். இந்த லென்ஸில் அந்தச் சிக்கல் இல்லை.

இன்னொரு பலன், எடையின் மையம் அதிகம் நகராதது. கிம்பல் தலையில் (கனமான லென்ஸைத் தொங்கவிட்டு எளிதாகத் திருப்ப உதவும் ட்ரைபாட் தலை) ஒரு தடவை சமன் செய்து வைத்தால் எந்த ஜூமிலும் மூக்கு கவிழாது. ஜூம் வளையமும் அகலமானது. கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினாலே ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடும். தடித்த கையுறை போட்ட கையால், கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமல், இரண்டு விரலால் திருப்பலாம். பறவை சட்டென்று கிளம்பும்போது 600-இலிருந்து 300-க்கு வந்து அதைப் பிடித்து, மறுபடி 600-க்குப் போவது நடைமுறையில் சாத்தியமாவது இதனால்தான்.

தூசும் ஈரமும் புகாதபடி செய்திருக்கிறார்கள். முன் கண்ணாடியில் ஃப்ளோரின் பூச்சு இருக்கிறது. ஆனால் இது நீர்புகா லென்ஸ் அல்ல. உறைநிலைக்கு வெகு கீழே விழும் பொடிப் பனியை மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். ஆபத்தானது பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில் விழும் ஈரப்பனி. விழுந்த இடத்திலேயே உருகி, கேமராவும் லென்ஸும் சேரும் இடத்திலும் சுவிட்சுகளின் இடுக்கிலும் இறங்கும். அந்த மாதிரி நாளில் மழையுறை போட்டே ஆக வேண்டும். ஒரு பெரிய பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு, ஹூடில் (லென்ஸின் முன்பக்க மறைப்புக் குழாய்) ரப்பர் பேண்டால் கட்டினாலும் வேலை நடக்கும்.

எடை, லென்ஸை ட்ரைபாடில் பொருத்தும் கால் இல்லாமல், 2,115 கிராம். கேமராவும் ட்ரைபாட் காலும் சேர்ந்தால் மூன்று கிலோவை நெருங்கும். வாரைக் கேமராவின் காதுகளில் மாட்டித் தொங்கவிடாதீர்கள். இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எடை முழுவதும் மவுண்ட் வளையத்தை இழுக்கும். வார் லென்ஸின் பக்கம்தான் மாட்டப்பட வேண்டும்.

அறுநூறு என்பது எவ்வளவு தூரம்?

முழு ஃப்ரேம் கேமராவில் 600 மி.மீ.க்குப் பார்வைக் கோணம் சுமார் 4 டிகிரி. 20 மீட்டரில் ஃப்ரேமின் அகலம் 1.2 மீட்டர். 15 செ.மீ. நீளமுள்ள சிறு பறவை அங்கே உட்கார்ந்தால் ஃப்ரேமில் எட்டில் ஒரு பங்குதான். 50 மீட்டரில் ஃப்ரேம் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம். மான் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு அழகாக அடங்கும். ஆக, பெரிய விலங்குக்கு இந்த லென்ஸ் தாராளம். சிறு பறவைக்கு அது 8 முதல் 10 மீட்டருக்குள் வந்தால்தான் நிறைவான படம். காப்பகத்தின் மறைப்புக் குடிலில், பறவைகள் வழக்கமாக வந்து உட்காரும் கிளை எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதினைந்துக்கு மேல் என்றால் அன்றைய நாளை வாத்துக்கும் அன்னத்துக்கும் ஒதுக்குவது நல்லது.

வெட்டி எடுப்பதும் ஒரு வழிதான். 61 மெகாபிக்சல் கேமராவில், சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தும் ஏபிஎஸ்-சி முறைக்கு மாறினால் 26 மெகாபிக்சலில் 900 மி.மீ.க்கு ஈடான பார்வை கிடைக்கும். 33 மெகாபிக்சல் கேமராவில் அதே வெட்டு 14 மெகாபிக்சல் தரும். லென்ஸைச் சுற்றியுள்ள மூன்று ஃபோகஸ் ஹோல்டு பொத்தான்களுக்கு இந்த மாற்றத்தை ஒதுக்கிவிடலாம். மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்யும். கேமராவைக் குறுக்காகப் பிடித்தாலும் நெடுக்காகப் பிடித்தாலும் ஒன்று விரலுக்கு எட்டும்.

ஃபோகஸ் ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 600-இல் எஃப்/6.3 (லென்ஸ் திறப்பின் அளவு; எண் கூடினால் திறப்பு சுருங்கும்) வைத்தால் 20 மீட்டரில் தெளிவாக விழும் ஆழம் சுமார் 40 செ.மீ. 10 மீட்டரில் அது 10 செ.மீ.தான். நரி நேராகப் பார்த்தபடி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு நுனியில் ஃபோகஸ் விழுந்தால் மூக்கின் மேல் ஒட்டியிருக்கும் பனித்துகளின் முனைகூடத் தெரியும், ஆனால் கண் லேசாகக் கரைந்திருக்கும். எஃப்/8-க்குப் போனால் கொஞ்சம் கூடுதல் இடம் கிடைக்கும். வெளிச்சம் இருந்தால் போங்கள், இல்லையென்றால் கண் மேல் ஃபோகஸ் விழுவதை உறுதி செய்வதே சரி.

காற்று செய்யும் வேலை

இப்போது அந்த மங்கலான படங்களுக்கு வருவோம். வீட்டுக்குள் அல்லது காருக்குள் 20 டிகிரியில் இருந்த இரண்டு கிலோ லென்ஸை மைனஸ் 10-இல் வெளியே எடுத்தால் அது உடனே குளிர்ந்துவிடாது. கண்ணாடியும் உலோகமும் மெல்ல மெல்லச் சூட்டை வெளியே விடும். அந்தச் சூட்டில் ஹூடுக்குள் இருக்கும் காற்று மேலெழும்பி, குளிர்காற்றோடு கலந்து நெளியும். கோடையில் தார் ரோட்டின் மேல் தெரியுமே, அதே அலைதான், ஆனால் உங்கள் லென்ஸுக்கு ஒரு சாண் முன்னால். இதில் ஃபோகஸ் சரியாக விழவே முடியாது. விழுந்தாலும் படத்தில் மயிரிழைகள் கரைந்து, ஓரங்கள் இரட்டையாகத் தெரியும்.

தீர்வு எளிது, பொறுமைதான் வேண்டும். லென்ஸைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்து அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆறவிடுங்கள். ஹூடைக் கழற்றிவிட்டால் சூடான காற்று சீக்கிரம் வெளியேறும். பனி பொழியாத நேரத்தில் ஹூடே இல்லாமல் எடுத்துப் பாருங்கள், சில நாள் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். காப்பகத்துக்குக் காரில் போகும்போது கேமரா பையை ஹீட்டர் காற்று படாத டிக்கியில் வைத்துவிட்டால் போய் இறங்கியதும் பாதி வேலை முடிந்திருக்கும்.

காருக்குள் இருந்தபடியே ஜன்னல் வழியாக எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். உள்ளே சூடு, வெளியே குளிர், நடுவில் திறந்த ஜன்னல். லென்ஸ் பார்ப்பதே அந்தக் கலங்கிய காற்றின் வழியாகத்தான். ஹீட்டரை நிறுத்தி, எல்லா ஜன்னல்களையும் திறந்து, உள்ளும் வெளியும் ஒரே குளிருக்கு வரும்வரை காத்திருங்கள். இன்ஜினையும் அணைத்துவிடுங்கள், பானெட்டின் மேல் எழும் சூடு முன்பக்கம் எடுக்கும் படத்தைக் கெடுக்கும். ஹீட்டர் வைத்த மறைப்புக் குடிலிலும் இதே கதைதான்.

லென்ஸ் ஆறிய பிறகும் நிலத்தின் மேல் நெளியும் காற்று இருக்கும். உறையாத ஏரி நீர் பூஜ்ஜியத்துக்கு மேலே, காற்று மைனஸ் பத்தில் என்றால் நீர்ப்பரப்பின் மேல் ஆவியும் அலையும் நிச்சயம். வெயில் ஏறியதும் கருத்த மரத்தண்டுகளும் பாறைகளும் சூடேறி, பனி மூடிய சமவெளியின் மேல்கூடக் காற்று ஆடத் தொடங்கும். விடியலுக்குச் சற்று முன்னும் பின்னும், மேகம் மூடிய நாளிலும் காற்று அமைதியாக இருக்கும். நண்பகலில் 80 மீட்டர் தள்ளி இருக்கும் பறவையை 600-இல் எடுத்து, கூர்மை இல்லையே என்று எந்த லென்ஸையும் குறை சொல்ல முடியாது.

குறை காற்றிலா கண்ணாடியிலா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை. அசையாத ஒரு பொருளை, மரப்பட்டையோ அறிவிப்புப் பலகையோ, கேமராவை ட்ரைபாடில் வைத்து 1/2000 வினாடி ஷட்டர் வேகத்தில் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். பத்தும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஃபோகஸிலோ லென்ஸிலோ பிரச்சினை. ஒன்று கூர்மையாகவும் அடுத்தது கரைந்தும், கோடுகள் இடம் மாறி வளைந்தும் இருந்தால் அது காற்று. பிறகு அதே சோதனையை 10 மீட்டரில் செய்யுங்கள். அங்கே எல்லாம் கூர்மையாக வந்தால் லென்ஸ் நலமாகத்தான் இருக்கிறது. எங்கள் கையில் இந்த லென்ஸ் 600-இல், முழுத் திறப்பில், நல்ல காற்றில் இறகின் நடுத்தண்டிலிருந்து பிரியும் கிளை இழைகளைத் தனித்தனியாகக் காட்டுகிறது. எஃப்/8-இல் ஓரங்கள் இன்னும் கொஞ்சம் தேறும். அதற்காக ஐஎஸ்ஓவை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஏற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

எஃப்/6.3-இன் வரம்பு

குறை என்று சொன்னால் இதுதான் உண்மையான குறை. நல்ல வெயிலில் எஃப்/6.3, ஐஎஸ்ஓ 400, 1/2500 என்று வசதியாக எடுக்கலாம். மேகம் மூடினால் மூன்று ஸ்டாப் போய்விடும் (ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் வெளிச்சம் பாதியாகும்). அதே ஷட்டர் வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200. ஊசியிலைக் காட்டின் உள்ளே, மாலையில், 12800-ஐத் தொடும். 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் இருந்தால் ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் மிச்சம், ஆனால் அது 3,040 கிராம், விலையும் பல மடங்கு. காப்பகத்தின் பனிப்பாதையில் ஐந்தாறு கிலோமீட்டர் நடக்கிறவருக்கு அந்தக் கூடுதல் ஒரு கிலோ சின்ன விஷயம் அல்ல.

அதனால் ஷட்டர் வேகத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாமல் இருக்கப் பழகுங்கள். பறக்கும் பறவைக்கு 1/2000-க்குக் குறையக் கூடாது. நடக்கும் மானுக்கு 1/500 போதும். கிளையில் அசையாமல் இருக்கும் ஆந்தைக்கு, ஓஎஸ்எஸ்-ஐ நம்பி 1/250-க்கு இறங்கலாம், தொடர்ச்சியாக எடுத்தால் சில நிச்சயம் தேறும். ஓஎஸ்எஸ்-இல் மூன்று முறைகள் உண்டு. முதல் முறை பொதுவான வேலைக்கு. இரண்டாவது, பக்கவாட்டில் ஓடுவதைப் பின்தொடர. மூன்றாவது, தாறுமாறாகப் பறப்பதற்கு. உறுதியான ட்ரைபாடில் நிலக்காட்சி எடுக்கும்போது நிலைப்படுத்தலை அணைத்துவிடுவது பாதுகாப்பு.

விழும் பனியை எப்படிக் காட்டுவது என்பதையும் ஷட்டர்தான் தீர்மானிக்கும். 1/125-க்குக் கீழே அது கோடுகளாக இழுபடும். 1/500-க்கு மேலே புள்ளிகளாக உறையும். லென்ஸுக்கு மிக அருகில் விழும் துகள்கள் பெரிய வெளிறிய வட்டங்களாகி விலங்கின் முகத்தின் மேல் படியும். பதினொரு இதழ் அப்பர்ச்சர் என்பதால் அந்த வட்டங்கள் உருண்டையாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் கண்ணை மறைத்தால் படம் வீண். நிறைய எடுத்து, கண் தெளிவாக இருக்கும் ஒன்றைப் பொறுக்குவதைத் தவிர வழி இல்லை. ஃப்ளாஷ் போட்டால் துகள்கள் மட்டும்தான் பளிச்சிடும், விலங்குக்கும் தொந்தரவு.

எக்ஸ்போஷர் விஷயத்தில் லென்ஸைவிடக் கேமராதான் ஏமாறும். கேமராவின் ஒளி மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் பனி அழுக்குச் சாம்பலாக வரும். மேகமூட்டத்தில் ஒரு ஸ்டாப், ஃப்ரேம் முழுக்க வெயில் பட்ட பனி என்றால் ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். ஜீப்ராவை (அதிக வெளிச்சம் விழும் இடங்களில் கோடு காட்டும் வசதி) 100+-இல் வைத்து, பனியில் கோடுகள் எட்டிப் பார்க்கும் இடத்திலிருந்து ஒரு படி குறைப்பது இன்னும் துல்லியம். கண்டுபிடித்த அளவை மேனுவலில் பூட்டிவிடுங்கள். பனியின் மேல் பறந்த பறவை இருண்ட மரங்களின் முன்னால் போகும்போது ஆட்டோ எக்ஸ்போஷர் எகிறி அதன் வெள்ளை இறகுகளை எரித்துவிடும். மேனுவலில் பறவையின் மேல் விழும் வெளிச்சம் மாறாதவரை அளவும் மாறாது. கோப்பு ரா (RAW) வடிவில் இருக்கட்டும். நிழலில் பனி நீலமாக விழுந்தால் பிறகு 7000 கெல்வின் பக்கம் நகர்த்திக்கொள்ளலாம். நீலத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் குளிரும் சேர்ந்து போய்விடும், கொஞ்சம் விட்டுவையுங்கள்.

பனிப்பொழிவில் ஃபோகஸ்

ஆட்டோஃபோகஸ் வேகம் நன்று, மிக நன்று அல்ல. இலக்கு கைநழுவி ஃபோகஸ் அருகே ஓடிவிட்டால் மறுபடி தூரத்துக்கு வருவதற்குள் பறவை போய்விடும். அதனால் தூர வரம்புச் சுவிட்சைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். 10 மீட்டர் முதல் முடிவிலி வரை என்ற நிலையில் வைத்தால் லென்ஸுக்கு முன்னால் விழும் துகள்களில் ஃபோகஸ் போய் மாட்டிக்கொள்ளாது. குடிலின் முன்னால் இருக்கும் கிளைக்குப் போகும்போது முழு நிலைக்கு மாற்ற மறக்காதீர்கள். “ஃபோகஸே ஆகவில்லை” என்ற பதற்றத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேமராவில் பின்தொடரும் உணர்திறனை 1 அல்லது 2-க்கு இறக்குங்கள். 5-இல் இருந்தால் குறுக்கே விழும் ஒவ்வொரு துகளுக்கும் ஃபோகஸ் துள்ளும். பறவைக் கண் அறிதல் லேசான பனிப்பொழிவில் நன்றாக வேலை செய்யும். அடர்த்தியாகக் கொட்டும்போது அதை நம்பாமல் சிறிய புள்ளியை எடுத்து கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் வையுங்கள். வெள்ளைப் பனியில் வெள்ளைப் பறவை என்றால் மாறுபாடு உள்ள இடம் அலகும் கண்ணும் மட்டுமே, வேறு எங்கே வைத்தாலும் தேடிக்கொண்டே இருக்கும்.

குளிரும் ஈரமும்

சோனியின் பெரும்பாலான கேமராக்களுக்கு அறிவிக்கப்பட்ட இயங்கு வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை. அதற்குக் கீழும் ஓடும், ஆனால் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். குளிரில் லித்தியம்-அயான் செல்லுக்குள் வேதிவினை மந்தமாகும். மின்சாரம் போய்விடவில்லை, வெளியே வர மறுக்கிறது, அவ்வளவுதான். தீர்ந்ததாகக் காட்டும் பேட்டரியைச் சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்தால் ஓரளவு மீண்டு வரும். மூன்று பேட்டரிகளைச் சுழற்சியில் வைத்துக்கொள்வது நல்லது.

வெளியே இருக்கும்போது கேமராவை ஜாக்கெட்டுக்குள் வைத்து இதம் தர நினைக்காதீர்கள். உடம்பின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் படிந்து, வெளியே எடுத்ததும் உறைந்துவிடும். முன் கண்ணாடியில் பனி படிந்தால் வாயால் ஊதக் கூடாது. மூச்சின் ஈரம் மெல்லிய பனித்தகடாக ஒட்டிக்கொள்ளும், அதைத் துணியால் தேய்த்தால் கோலமாகப் பரவும். காற்றூதியும் தூரிகையும் போதும். வியூஃபைண்டரில் கண் வைத்திருக்கும்போது மூச்சைக் கீழ்நோக்கி விடுங்கள்.

உள்ளே திரும்பும்போதுதான் அதிகச் சேதம் நடக்கிறது. வாசலுக்கு வெளியே, குளிரிலேயே, மெமரி கார்டையும் பேட்டரியையும் கழற்றிக்கொண்டு, கேமராவும் லென்ஸும் சேர்த்து இறுக்கமாக மூடும் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு மூடிவிடுங்கள். வீட்டின் ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், உள்ளே வராது. இவ்வளவு பெரிய லென்ஸ் அறை வெப்பத்துக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதற்கு முன் பையைத் திறந்தால் வெளிக்கண்ணாடியில் மட்டும் அல்ல, உள்கண்ணாடிகளிலும் நீர் கோக்கலாம். அங்கே தூரிகை எட்டாது.

நிலக்காட்சிக்கு உதவுமா?

உதவும், ஆனால் அகலமான காட்சிக்கு அல்ல. 200-இல் பார்வைக் கோணம் பன்னிரண்டரை டிகிரிதான். பனிமூட்டத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிறிக்கொண்டே போகும் மரவரிசைகள், உறைந்த நாணல் மேல் சாய்ந்து விழும் வெளிச்சம், ஏரியின் பனித்தகட்டில் ஓடும் விரிசல், மலைச்சரிவில் ஒற்றை மரம் என்று ஒரு துண்டைப் பிரித்தெடுக்க இது அருமையான கருவி. 200-இல் எஃப்/11 வைத்து 120 மீட்டர் தள்ளி ஃபோகஸ் செய்தால் 60 மீட்டரிலிருந்து முடிவிலி வரை தெளிவு. 600-இல் அதே எஃப்/11-க்கு அந்தத் தூரம் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். ஆகவே முன்னணியையும் பின்னணியையும் சேர்த்துத் தெளிவாக்கும் ஆசையை 600-இல் விட்டுவிடுங்கள். பரந்த காட்சி வேண்டுமென்றால் லென்ஸைச் சுற்றியுள்ள, ட்ரைபாட் கால் பொருந்தியிருக்கும் காலர் வளையத்தைத் தளர்த்திக் கேமராவை நெடுக்காக்கி, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி வரிசையாக எடுத்து ஒட்டலாம். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டுமானால் 95 மி.மீ. அளவு. பனிக்கட்டியின் பளபளப்பைக் குறைக்கும், வெளிச்சத்தையும் விழுங்கும். விலங்குகள் வரும் நேரத்தில் கழற்றிவிடுங்கள்.

ட்ரைபாடில் வைக்கும்போது லென்ஸோடு வரும் கால்தான் இடறுகிறது. அது ஆர்கா-ஸ்விஸ் வடிவில் (பல ட்ரைபாட் தலைகளில் நேராகச் செருகிப் பூட்டும் பள்ள வடிவம்) இல்லை. தட்டு ஒன்றை ஒற்றைத் திருகில் மாட்டினால் உறைகுளிரில் தளர்ந்து லென்ஸோடு சுற்றிக்கொள்ளும். காலையே கழற்றி, ஆர்கா பள்ளம் உள்ள மாற்றுக் காலைப் போடுவது சரியான வழி. ட்ரைபாட் கால்களை மென்பனியில் வைத்தால் படம் எடுக்கும்போதே மெல்ல இறங்கும். முதலில் அழுத்திக் கெட்டித்தளம் தட்டும்வரை இறக்கிவிட்டுப் பிறகு விரியுங்கள். முறுக்குப் பூட்டுகளில் நீர் புகுந்து உறைந்தால் காலை மடக்கவே முடியாது. வீடு திரும்பியதும் எல்லாப் பகுதிகளையும் நீட்டி வைத்து உலர்த்துங்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டர் 840 மி.மீ. எஃப்/9 தரும். வெயிலும் அமைதியான காற்றும் இருந்தால் பயன்படும். இரண்டு மடங்கு 1200 மி.மீ. எஃப்/13. பனிக்கால வெளிச்சத்தில் அதை வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

இவ்வளவு எட்டும் லென்ஸ் கையில் இருப்பதன் முழுப் பயன் விலங்குக்கும் கிடைக்க வேண்டும். பனிக்காலத்தில் தீனி குறைவு. உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் அவை இரவைத் தாண்டுகின்றன. ஒரு முறை விரட்டப்பட்ட பறவை பறப்பதற்குச் செலவழித்த சக்தியைத் திரும்பச் சேர்க்க வெகுநேரம் ஆகும். மேய்ந்துகொண்டிருந்த மான் தலையைத் தூக்கி உங்களையே பார்த்தால், வாத்துக்கூட்டம் கழுத்தை நீட்டி மெல்ல மறுபக்கம் நீந்தத் தொடங்கினால், பின்வாங்குங்கள். பகலில் உறங்கும் ஆந்தை கண்ணை அகலத் திறந்துவிட்டாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள். இரை வைத்து வரவழைப்பதோ, குரலை ஒலிக்கவிட்டு ஏமாற்றுவதோ வேண்டவே வேண்டாம்.

வேறு எதை வாங்கலாம்?

சோனியின் 100-400 ஜிஎம் 1,395 கிராம்தான், ஒரு மீட்டருக்குள்கூட ஃபோகஸ் ஆகும், நடைக்கும் நிலக்காட்சிக்கும் இதைவிடப் பொருத்தம். ஆனால் அது நீளும் வகை, பறவைக்கு 400 எட்டாது. சிக்மாவின் 150-600 டிஜி டிஎன் ஸ்போர்ட்ஸ் கூர்மையில் சளைத்ததல்ல. அதுவும் நீளும். சோனி கேமராவில் வினாடிக்கு 15 படத்துக்கு மேல் எடுக்க விடாது, டெலிகன்வர்ட்டரும் போட முடியாது. 2025-இல் வந்த சோனி 400-800 ஜி நீளம் மாறாத வகைதான், சிறு பறவைகளையே குறிவைப்பவர்களுக்கு நல்லது. ஆனால் 2,475 கிராம், 800-இல் எஃப்/8. இருண்ட காட்டில் அந்த முக்கால் ஸ்டாப் இழப்பு உறைக்கும்.

200-600 பழைய லென்ஸாகவும் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும் முன் ஜூம் வளையம் முழு ஓட்டத்திலும் ஒரே இறுக்கத்தில் திரும்புகிறதா, காலர் சொரசொரப்பு இல்லாமல் சுழல்கிறதா, மவுண்டின் ரப்பர் வளையம் கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முன் கண்ணாடி வழியாக டார்ச் அடித்து உள்ளே நீர்த்தடமோ பூஞ்சையோ இருக்கிறதா என்று சோதியுங்கள். பனிக்காலத்தில் பையில் மூடாமல் உள்ளே கொண்டுவரப்பட்ட லென்ஸ்களில் அந்தத் தடம் இருக்க வாய்ப்பு உண்டு. பிறகு 10 மீட்டரில், ட்ரைபாடில், ஆறிய லென்ஸில் பத்துப் படம். அதில் தேறினால் வாங்கிவிட்டு, முதல் வேலையாக லென்ஸோடு வரும் அந்த ட்ரைபாட் காலை மாற்றுங்கள்.